கடை, கோடவுன், யார்டு: வைஃபையும் வேலை போன்களும் – வடசென்னைத் தொழில்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கடை, கோடவுன், பட்டறை, சரக்கு யார்டு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பகுதியில் வைஃபை அமைப்பதும், வேலைக்குக் கொடுக்கும் போன்களை நிர்வகித்துத் தருவதும் என் தொழில். கீழே இருப்பவை ஒருவர் விடாமல் கேட்கிற கேள்விகள். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கும் ஐம்பது பேர் வேலை செய்யும் கோடவுனுக்கும் அளவில்தான் வித்தியாசம். சிக்கல் முளைக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நெட்வொர்க்கும் போனும் யார் பெயரில், யார் கையில் இருக்கின்றன என்பது.

புதிதாக வைஃபை போட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வைஃபை பெட்டியின் விலையிலிருந்து தொடங்காதீர்கள். வைஃபை நின்றால் எந்தெந்த வேலை நிற்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜவுளிக்கடை என்றால் கல்லாவில் பில்லிங், மாடியில் ஸ்டாக் பார்க்கிற டேப், கார்டு மெஷின், கேமரா, முதலாளியின் லேப்டாப் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது ஓரிடத்தில் நிற்கிறதா, கையோடு நடமாடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிற்கிற பொருளுக்கெல்லாம் கேபிள் போடுங்கள். பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, பிரின்டர் மூன்றும் கேபிளுக்குப் போய்விட்டாலே வைஃபையின் பாரம் பெருமளவு இறங்கிவிடும்.

அப்புறம், உங்கள் தொழிலில் மிக நெருக்கடியான நேரம் எது என்று யோசியுங்கள். எம்.சி. ரோட்டில் அது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. மணலியில் ஒரே கப்பலின் கண்டெய்னர்கள் மொத்தமாக வந்து இறங்கும் இரவு. காசிமேட்டில் விடியற்காலை ஏலம். அந்த நேரத்துக்குத்தான் திட்டம் போட வேண்டும்.

இதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடை சும்மா இருக்கிறதே, இப்போதே வேலையை முடித்துவிடலாம் என்று காசிமேட்டு வியாபாரிகள் அந்தச் சமயத்தில் கூப்பிடுவது வழக்கம். கேபிள் இழுக்க அது அருமையான நேரம். சிக்னல் அளக்க அது சரியான நேரம் இல்லை. காலியான கூடத்தில் எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் பிரமாதமாகக் காட்டும். தடை முடிந்து ஐஸ் பெட்டி, மீன் கூடை, ஈரத் தரை, நெருக்கிக்கொண்டு நிற்கும் ஆட்கள் என்று கூடம் நிறைந்ததும் அதே மூலையில் போன் திணறும். தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். மனித உடம்பும் மீனும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் கேபிளைத் தடைக்காலத்தில் இழுங்கள், பெட்டிகளைத் தற்காலிகமாக மாட்டுங்கள், ஏலம் சூடு பிடித்திருக்கும் ஒரு காலையில் அளந்து பார்த்த பிறகு நிரந்தரமாக முடுக்குங்கள். துணி பேல் நிறைந்த கோடவுனுக்கும் இதே கணக்குத்தான்.

கனெக்ஷன் 300 எம்பிபிஎஸ். ஆனாலும் கடையின் பின்பக்கம் பில் சுத்திக்கொண்டே இருக்கிறது. 1 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா?

மாறினால் மாத பில் ஏறும். பின்பக்கம் அப்படியேதான் இருக்கும். வெளியிலிருந்து கடைக்குள் வரும் இணையம் வேறு, கடைக்குள் அது பரவுகிற வைஃபை வேறு. ஒரு லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் மூலம் செருகி வேகம் பாருங்கள். அடுத்து ரூட்டர் பக்கத்திலேயே நின்று வைஃபையில் பாருங்கள். கடைசியாகப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் வேகம் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. முதல் சோதனையிலேயே விழுந்தால் மட்டும் கனெக்ஷன் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

ஒரு யுபிஐ பரிவர்த்தனைக்கோ ஒரு பில்லுக்கோ தேவைப்படும் டேட்டா மிகவும் சொற்பம். கடையின் இணையத்தை உண்மையில் விழுங்குவது, படத்தை நாள் முழுக்க வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் கேமராக்களும், இரவில் தானாக ஓட வேண்டிய அப்டேட் பகலில் ஓடுவதும்தான்.

எங்கள் கட்டடம் பழசு. சுவர் கனம். ரிப்பீட்டர் வைத்தால் போதும் என்கிறார்களே?

மண்ணடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உள்ள பழைய கட்டடங்களை நன்றாகத் தெரியும். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். கனமான செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் மேலே மெட்ராஸ் டெரஸ் கூரையும். அப்படி இரண்டு சுவரைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் (வைஃபையின் வேகமான அலைவரிசை) சிக்னல் ஏறக்குறைய செத்துவிடும்.

ரிப்பீட்டர், தான் கேட்டதைத்தான் திரும்பச் சொல்லும். சிக்னல் மங்கிய இடத்தில் வைத்தால் மங்கலைத்தான் பரப்பும். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கிற மலிவு ரிப்பீட்டர் என்றால் வேகமும் பாதியாகும். சரியான வழி, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையைப் பரப்பும் பெட்டி), அதற்கு ரூட்டர் பக்கத்து ஸ்விட்சிலிருந்து (நெட்வொர்க் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு கேபிள். மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். பிஓஇ என்பது அதுதான். கூரையில் தனியாக பிளக் பாயின்ட் வைக்க வேண்டியதில்லை. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். நம் கடை நீளத்துக்கு அது தாராளம்.

கேபிள் வாங்கும்போது கவனம். ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் ஆனாலும், விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது சிசிஏ எனப்படும் செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருக்கும். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான். அலுமினியக் கம்பியில் மின்சாரம் வழியிலேயே வீணாகும், கம்பி சூடாகும், வளைத்த இடத்தில் ஒடியும், ஆக்சஸ் பாயின்ட் காரணமில்லாமல் அணைந்து அணைந்து எரியும். சுவருக்குள் போகிற பொருள் இது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவே இல்லை.

சிக்னல் ஃபுல்லாகக் காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை. ஏன்?

அடிக்கடி கேட்கிற புகார். மூன்று காரணங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, ஆக்சஸ் பாயின்டின் பவரை உச்சத்தில் வைத்திருப்பார்கள். அது உரக்கக் கத்துவது போனுக்குக் கேட்கும். போனின் ரேடியோ சின்னது. அது சொல்கிற பதில் திரும்பிப் போய்ச் சேராது. பவரைக் குறைத்து, தேவைப்பட்டால் இன்னொரு பெட்டியைக் கூட்டுவதுதான் நல்லது.

இரண்டு, பக்கத்துக் கடைக்காரர்கள். வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஒரே தெருவில் நாற்பது ரூட்டர் இருந்தால் அத்தனையும் இந்த மூன்றைத்தான் பங்குபோட வேண்டும். முடிந்த கருவிகளையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இந்தியாவில் 2018-ல் அந்த அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பகுதியை நிறைய விரித்துவிட்டார்கள், இடம் இருக்கிறது. பழைய பில் பிரின்டர், மலிவான ஸ்கேனர் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அவற்றை அங்கேயே விடுங்கள்.

மூன்று, போன் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. கீழ்த்தளத்தில் இணைந்த டேப், மாடிக்கு ஏறிய பிறகும் கீழேயுள்ள பெட்டியையே பிடித்துத் தொங்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்து, எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்திலிருந்து நடத்தும் ஒரே கன்ட்ரோலரில் நிர்வகித்து, போனைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றும் ரோமிங் உதவியை இயக்கினால் இது பெரும்பாலும் தீரும்.

எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வேண்டும்?

சதுர அடிக்கு இத்தனை என்று யாராவது போனிலேயே சொன்னால் நம்ப வேண்டாம். கையில் வைத்து வேலை செய்கிற கருவிக்கு மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு, சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். இலவச வைஃபை அனலைசர் செயலியோடு கடை முழுக்க நடந்தாலே நீங்களே பார்த்துவிடலாம். இருக்கிற கருவிகளிலேயே மட்டமான கருவியை எடுத்துக்கொண்டு நடங்கள். முதலாளியின் புது போனில் அளந்தால் படம் தவறாக வரும்.

கண்டெய்னர் யார்டில் வைஃபை சாத்தியமா? துறைமுகத்துக் கப்பல் ரேடார் கெடுக்கிறது என்கிறார்களே?

ரேடார் மேல் பழி போடுவதைப் பல யார்டுகளில் கேட்கிறேன். கப்பல் ரேடார்கள் ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸிலும் 9 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுபவை. வைஃபை இருப்பது 2.4-லும் 5-லும். யார்டில் சிக்னலைக் கொல்வது இரும்பு. ஒரு சாதாரணக் கண்டெய்னர் எட்டரை அடி உயரம், ஹை கியூப் எனும் உயரமான வகை ஒன்பதரை அடி. ஐந்தாக அடுக்கினால் நாற்பது அடியைத் தாண்டும் இரும்புச் சுவர். அலை அதை ஊடுருவாது, மோதித் திரும்பும். இரண்டு வரிசைக்கு நடுவே நின்று சரக்கை எண்ணிக் குறிக்கிற டேலி கிளார்க்குக்கு, நேராக வந்த அலையும் மோதி வந்த அலைகளும் கலந்து குழம்பிக் கிடைக்கும். அதைவிடக் கஷ்டம், இந்தச் சுவர் தினமும் இடம் மாறுவது. நேற்று சிக்னல் இருந்த சந்தில் இன்று இருக்காது.

அதனால் நான் சொல்வது இது. கேட், எடை மேடை, அலுவலகம், மூடிய கோடவுன் ஆகிய இடங்களில் நல்ல வைஃபை. திறந்த யார்டுக்குள் போகிற கருவிகளுக்கு சிம். செயலியும், சிக்னல் இல்லாதபோது பதிவைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு சிக்னல் வந்ததும் அனுப்புகிறதா என்று வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். கருவியை ஏர்பிளேன் மோடில் போட்டு பத்து கண்டெய்னரை ஸ்கேன் செய்து, மறுபடி இணைத்தால் பத்தும் போய்ச் சேர வேண்டும். ஒன்று தொலைந்தாலும் அந்தச் செயலி யார்டுக்கு ஆகாது. யார்டு முழுக்க வைஃபைதான் வேண்டும் என்றால் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பங்களின் உயரத்தில், ஒவ்வொரு சந்தையும் நேராகப் பார்க்கிற மாதிரி பெட்டிகள் வேண்டும். செலவு அதிகம். தனியார் 5ஜி வலைக்கு அரசு 2022-ல் வழி திறந்தது, ஆனால் அது பெரிய துறைமுகங்களுக்கும் ஆலைகளுக்கும் பொருந்துகிற ஏற்பாடு.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இன்னொன்றும் உண்டு: உப்புக் காற்று. வெளியில் மாட்டும் பெட்டி தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் இருக்கட்டும். கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கக்கூடாது. பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றிச் செருகினால் மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். செருகுமுனையில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய வேண்டும். கம்பத்தில் ஏற்றினால் எர்த்திங்கும் மின்னல் காப்பும் கட்டாயம்.

வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கடையின் வலையிலிருந்து முழுக்கப் பிரித்து. வேறு பெயர், வேறு வி-லேன் (அதே கருவிகளுக்குள் பிரித்து ஓடும் தனி வலை), ஒரு விருந்தாளியின் போன் இன்னொருவர் போனைப் பார்க்க முடியாத அமைப்பு, வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு. இவை இல்லாமல் கொடுத்தால், சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் கேமரா ரெக்கார்டர் வரைக்கும் தட்டிப் பார்க்கலாம்.

பூட்டில்லாமல் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பு தொடர்பான மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பில்லாத ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. விசாரணை முதலில் அந்த இணைப்புக்காரர் வீட்டுக்குத்தான் வந்தது. போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடும் முறை வைத்து, யார் எப்போது இணைந்தார்கள் என்ற பதிவையும் வைத்திருங்கள். டீக்கடை, மெஸ் நடத்துகிறவர்கள் வைஃபையைச் சிறு கட்டணத்துக்கு விற்க விரும்பினால் 2020-ல் ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி திட்டம் இருக்கிறது. தனி உரிமம் தேவையில்லை, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்ய வேண்டும்.

வைஃபை பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மாற்றினால் எல்லாக் கருவியும் நின்றுவிடுகிறது. என்ன செய்ய?

ஒரே பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்ததன் விளைவு அது. வேலையை விட்டுப் போனவர் கையிலும் அதுதான், டெலிவரிக்கு வந்தவர் கையிலும் அதுதான். சின்னக் கடைக்கு எளிய வழி: வேலைக் கருவிகளுக்கு ஒரு வலை, ஊழியர்களின் சொந்த போனுக்கு ஒரு வலை, விருந்தாளிக்கு ஒன்று. முதல் வலையின் பாஸ்வேர்டை யாருக்கும் வாயால் சொல்லவே வேண்டாம். போன்களை நிர்வகிக்கும், கீழே வரும் எம்டிஎம் மென்பொருள் அதை நேராகக் கருவிக்குள் இறக்கிவிடும். ஆண்ட்ராய்டில் வைஃபையைப் பகிரும் க்யூஆர் குறியையும் அதே மென்பொருளில் மூட முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் கூடுதலாக இருந்தால் ஆளுக்கொரு கணக்கு என்ற முறைக்குப் போகலாம். ஒருவர் விலகினால் அவர் கணக்கை மட்டும் மூடினால் போதும். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது. பழைய ஸ்கேனர்களுக்கு அது தெரியாது, அவற்றுக்காக டபிள்யூபிஏ2 இருக்கட்டும். அதற்கும் முந்தைய டபிள்யூஇபி மட்டுமே தெரிந்த கருவி இன்னும் இருந்தால், கருவியையே மாற்ற வேண்டிய காலம்.

ஊழியர்களின் சொந்த போனிலேயே வேலை பார்க்கச் சொல்லலாமா, கம்பெனி போன் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது. தொழிலின் உயிர் இதில் இருக்கிறது.

நம் பகுதியில் ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. சேல்ஸ் பார்க்கும் தம்பி தன் சொந்த நம்பரில் நானூறு கடைக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார். விலைப்பட்டியல், பாக்கிக் கணக்கு, "அண்ணாச்சி, நாளைக்கு அனுப்பிடறேன்" என்ற வாக்கு எல்லாம் அந்த போனில். அவர் விலகும் நாளில் அந்த நானூறு பேரும் அவரோடு போய்விடுவார்கள். இதில் அவர் மேல் தப்பு இல்லை, நம்பர் அவருடையது. அதனால் வாடிக்கையாளரோடு பேசுகிற ஒவ்வொரு நம்பரும் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம்மில் இருக்க வேண்டும். போன் யாருடையதாக இருந்தாலும் நம்பர் தொழிலுடையதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான பின் எண்ணும் அலுவலகத்தில் பதிவாகி இருக்கட்டும்.

ஸ்கேனிங், பில்லிங், டெலிவரி போன்ற ஒரே வேலைக்குப் பயன்படும் கருவியைக் கம்பெனியே வாங்கிக் கொடுங்கள். அதில் வேலைச் செயலிகள் மட்டும் தெரிகிற மாதிரி கியோஸ்க் முறையில் பூட்டலாம். மானேஜர், கணக்காளர் மாதிரி ஆட்களுக்கு இரண்டு போன் சுமை. அவர்கள் சொந்த ஆண்ட்ராய்டு போனிலேயே ஒர்க் புரொஃபைல் வைக்கலாம். ஒரே போனுக்குள் வேலைக்கென்று தனிப் பகுதி. வேலைச் செயலிகளின் மேல் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும், வேலை நேரம் முடிந்தால் அந்தப் பகுதியை மொத்தமாக அணைத்து வைக்கலாம்.

ஊழியர்கள் பயப்படுவது நியாயம். "அண்ணே, முதலாளி என் போட்டோவெல்லாம் பார்ப்பாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சொந்த போனில் ஒர்க் புரொஃபைல் வைத்தால் பார்க்க முடியாது. அவருடைய போட்டோ, சொந்த வாட்ஸ்அப், கால் விவரம் எதுவும் நிறுவனத்துக்குத் தெரியாது. விலகும்போது வேலைப் பகுதி மட்டும்தான் அழியும். கம்பெனி போனில் இருப்பிடம் பார்க்கிறீர்கள் என்றால் அதைத் தமிழில் எழுதிக் காட்டி, வேலை நேரத்துக்கு மட்டும் என்று வரையறுத்து, கையெழுத்து வாங்குங்கள். சொல்லாமல் கண்காணிப்பதை நான் யாருக்கும் அமைத்துத் தருவதில்லை.

எம்டிஎம் என்றால் என்ன? எப்படித் தொடங்குவது?

பல போன்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள். செயலி ஏற்றுவது, வைஃபை அமைப்பை இறக்குவது, பூட்டுவது, தொலைந்தால் அழிப்பது எல்லாம் அதிலிருந்தே. சென்னை நிறுவனமான ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின், மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன், ஸ்கேல்ஃப்யூஷன் என்று பல இருக்கின்றன. உங்களிடம் இருக்கிற மலிவான போனில் சோதித்துப் பார்க்காமல் எதற்கும் வருடப் பணம் கட்டாதீர்கள்.

சேர்க்கும் முறை எளிது. புது போனையோ ரீசெட் செய்த போனையோ ஆன் செய்ததும் வரவேற்புத் திரை வரும். மொழியைத் தேர்வதற்கு முன்பே, அந்தத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டுங்கள். கேமரா திறக்கும். எம்டிஎம் கொடுத்த க்யூஆர் குறியைக் காட்டினால் மீதி எல்லாம் தானாக நடக்கும். யாருடைய ஜிமெயிலும் போட வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வரி முக்கியம். கடையில் நான் அதிகம் பார்க்கிற தலைவலி, போன் முதலில் வேலைக்கு இருந்த பையனின் ஜிமெயிலில் தொடங்கப்பட்டிருப்பது. அவர் போன பிறகு, பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் போன் திரும்பவும் அதே ஜிமெயிலைக் கேட்கும். திருட்டைத் தடுக்க கூகுள் வைத்த பூட்டு அது. பையன் போனை எடுக்காவிட்டால் கருவி முடங்கியதுதான். ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் நிறுவனத்தின் பெயரில் சேர்த்துவிடுங்கள், இந்தத் தொல்லை அங்கேயும் வராது.

வேலை போன் தொலைந்துவிட்டது. வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் எம்டிஎம்மில் பூட்டுங்கள். போன் பக்கத்தில்தான் எங்கோ விழுந்திருக்கும் என்று தோன்றினாலும் பூட்டுங்கள், கிடைத்தால் திறந்துகொள்ளலாம். உடனே சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் யுபிஐ, வங்கிச் செயலி இருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பிறகு போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்தால், இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் ஓடாதபடி முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது. ஓடிபி வரும் என்பதால் அதே நம்பருக்கு மாற்று சிம் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஐஎம்இஐ எண் கையில் வேண்டும். போனில் *#06# அடித்தால் வரும். இன்றே எல்லா வேலை போன்களுக்கும் அடித்து, யாரிடம் எந்த போன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

கருவிகளின் பேட்டரி உப்பிவிடுகிறது. என்ன காரணம்?

நாள் முழுக்கச் சார்ஜரில் கிடப்பதும் தகரக் கூரைச் சூடும். சார்ஜ் இடத்தை நிழலில் வையுங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மீன், ஐஸ் வேலை செய்கிறவர்களுக்குத் தொடுதிரை ஈரக் கையில் வேலை செய்யாது. பக்கவாட்டில் ஸ்கேன் பட்டன் உள்ள கருவி வாங்கிக் கொடுங்கள்.

மழை, மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் நின்ற கடைகள் எத்தனையோ. ரூட்டரும் ஸ்விட்சும் கேமரா ரெக்கார்டரும் மேசைக்கு அடியில் இருந்தால் முதலில் நனைவது அவைதான். தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள்.

ரூட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டு ஃபைபர் மோடத்தையும் ஸ்விட்சையும் விட்டுவிடுவார்கள். மூன்றும் ஓடினால்தான் வைஃபை ஓடும். நான்கு ஆக்சஸ் பாயின்ட், ஸ்விட்ச், மோடம் எல்லாம் சேர்ந்து 80 வாட் போல இழுத்தால், சாதாரண 600 விஏ யுபிஎஸ் அரை மணி நேரம் போலத்தான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் இன்வெர்ட்டரோடு இணையுங்கள்.

இரண்டாவது இணைப்பு எடுக்கும்போது ஒன்று பாருங்கள். இரண்டு கம்பெனியின் ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில் ஒன்றாகத் தொங்கினால், மரம் விழுந்தோ கண்டெய்னர் லாரி உரசியோ இரண்டும் சேர்ந்தே அறும். ஒன்று ஃபைபர், மற்றது வேறு கம்பெனியின் சிம் ரூட்டர் என்று வையுங்கள். சிம்மில் ஓடும்போது பில்லிங்குக்கு மட்டும் வழிவிட்டு, கேமரா அனுப்புவதையும் விருந்தாளி வைஃபையையும் நிறுத்திவிடுகிற மாதிரி முன்கூட்டியே அமைக்கலாம்.

சட்டப்படி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வாடிக்கையாளரின் பெயர், நம்பர், முகவரி உங்கள் கருவியில் இருக்கிறது என்றால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடும். தக்க பாதுகாப்பு வைக்காததற்கு அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். திரைப்பூட்டு, குறியாக்கம், தொலைந்தால் அழிக்கும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால் அடிப்படை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

வேலை செய்து கொடுத்தவரிடம் என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ரூட்டர், ஸ்விட்ச், கன்ட்ரோலர், எம்டிஎம், கேமரா எல்லாவற்றின் அட்மின் கணக்கும் உங்கள் நிறுவன மின்னஞ்சலில், உங்கள் நம்பருக்கு ஓடிபி வருகிற மாதிரி இருக்க வேண்டும். வேலை செய்பவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படம், ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒட்டிய எண், அமைப்பின் பேக்கப் கோப்பு, பில்லும் வாரன்டியும். இதையெல்லாம் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார், நான் இருக்கேனே" என்பார்கள். நல்ல மனசோடு சொல்கிறவர்களும் உண்டு. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் உங்கள் கடை ஓட வேண்டுமே. கடைசித் தவணையை இவை கைக்கு வந்த பிறகு கொடுங்கள். நான் வேலை செய்யும் இடங்களிலும் அப்படித்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

பழைய போனையும் ரூட்டரையும் காயலான் கடையில் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். ரூட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியால் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. போனில் முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், எம்டிஎம்மிலிருந்து விலக்குங்கள், பிறகு செட்டிங்ஸுக்குள் போய் அழியுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி, அந்த ஐஎம்இஐ நோட்டில் அந்த போனின் வரியை அடித்துவிடுங்கள்.